ஆச்சி கொட்டிய சட்னி



குற்றாலம் போய் வந்து ஒரு வாரம் ஆகிறது. வந்த அன்றே அடுத்த வீட்டு மாமி எட்டிப் பார்த்து, "சீசனுக்குப் போனியே, என்ன வாங்கிண்டு வந்தே?" என்று கேட்டார். நேந்திரங்காய் வறுவல் ஒரு பொட்டலம், மங்குஸ்தான் அரைக் கிலோ, ரம்புட்டான் கொஞ்சம் என்று எடுத்து வைத்தேன். ஆனால் நான் கொண்டு வந்ததிலேயே உசத்தியான சரக்கு பையில் இல்லை. தென்காசியில் இட்லிக் கடை வைத்திருக்கும் ஓர் ஆச்சி சொன்ன இரண்டு வார்த்தைதான் அது. அதை உங்களுக்கும் கொஞ்சம் பங்கு போட்டுக் கொடுக்கலாம் என்றுதான் இந்த இதழில் எழுத உட்கார்ந்தேன்.

நாங்கள் ஐந்து பேர். நானும் என்னவரும், மகளும் மாப்பிள்ளையும், ஒன்றரை வயதுப் பேரனும். பொதிகை எக்ஸ்பிரஸில் காலையில் தென்காசியில் இறங்கினோம். கைக்குழந்தையோடு வெளியூர் போகிறவர்களுக்கு அருவியைவிடப் பெரிய கவலை எது? சாப்பாடுதானே! "எங்கே சாப்பிடுவது, குழந்தைக்கு என்ன கொடுப்பது" என்று ரயிலிலேயே மகள் ஆரம்பித்துவிட்டாள். மாப்பிள்ளை கைப்பேசியைத் தட்டி, "இதோ பாருங்க அத்தை, இதுக்கு நிறைய நட்சத்திரம் போட்டிருக்காங்க" என்று ஒரு பெரிய ஹோட்டலைக் காட்டினார். சரி என்று போனோம்.

இடம் என்னவோ பளிச்சென்றுதான் இருந்தது. குளுகுளு அறை, கண்ணாடி மேஜை, எட்டுப் பக்கத்துக்கு மெனு அட்டை. பரிமாற வந்த பையனிடம், "தம்பி, இந்தச் சட்னி எப்போ அரைச்சது? குழந்தைக்குக் கொடுக்கலாமா?" என்று மகள் கேட்டாள். பையன் விழித்தான். "தெரியலீங்க, உள்ளே கேட்டுச் சொல்றேன்" என்று போனான். போனவன் போனவன்தான். பதில் வரவில்லை, பில் வந்தது! அந்தப் பையன் மேல் தப்பு இல்லை. அரைத்த கை ஓரிடம், பரிமாறிய கை ஓரிடம், பணம் வாங்கிய கை ஓரிடம். நாம் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லவேண்டியவர் யார் என்று அவனுக்கே தெரியாது.

மறுநாள் குற்றாலத்தில் குளித்துவிட்டுத் திரும்பும்போது மணி பதினொன்று ஆகிவிட்டது. அருவியில் குளித்தவர்களுக்குத்தான் தெரியும், அந்தப் பசி எப்படிப்பட்டது என்று. தென்காசியில் கோயிலுக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில் வீட்டுத் திண்ணையையே கடையாக்கி, ஒரு ஆச்சி இட்லி வார்த்துக்கொண்டிருந்தார். பெயர்ப்பலகை இல்லை. இரண்டு பெஞ்சு, ஒரு அடுப்பு, ஒரு குடம் தண்ணீர். அவ்வளவுதான் கடை. இட்லிக் கொப்பரையிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது.

மகள் சட்னிப் பாத்திரத்தைக் காட்டி வழக்கம்போல ஆரம்பித்தாள். "ஆச்சி, இது…" என்று முடிப்பதற்குள் ஆச்சியே கரண்டியால் கொஞ்சம் எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"வேண்டாம்மா. காலையில அஞ்சு மணிக்கு அரைச்சது. லேசா புளிப்புத் தட்டிட்டு. பிள்ளைக்கு இதைக் குடுக்காதிய. பெரியவங்களுக்கும் நான் போட மாட்டேன். இட்லி இப்ப இறக்குனதுதான். உங்களுக்குப் பொடி வச்சித் தாரேன். பிள்ளைக்கு வெறும் இட்லிய நெய் தொட்டுக் குடுங்க."

சொன்னதோடு நிற்கவில்லை. பாத்திரத்தை எடுத்துக் கழுநீர்ப் பானையில் கவிழ்த்துவிட்டார். இன்றைக்குத் தேங்காய் விற்கிற விலை நமக்குத் தெரியும். அரைப் பாத்திரம் சட்னி என்பது அந்தக் கடையில் ஒரு வேளை லாபம். எனக்கு மனசு கேட்கவில்லை. "என்ன ஆச்சி, இப்படிக் கொட்டிட்டீங்களே! எங்களை யாருன்னுகூட உங்களுக்குத் தெரியாது. நாளைக்கே ஊருக்குப் போயிடுவோம்" என்றேன்.

ஆச்சி சிரித்தார். "நீங்க போயிருவிய. நான் இங்கனதான இருக்கணும்? பிள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஊரே என்னையக் கேக்கும். ஓடிப்போக எனக்கு வேற தெரு கிடையாதும்மா."

ஓடிப்போக வேறு தெரு கிடையாது! நான் கொண்டு வந்த சரக்கு இதுதான், சகோதரிகளே. சின்னக் கடைகளை மக்கள் ஏன் இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை. ருசி ஒரு காரணம், விலை ஒரு காரணம். அதற்கெல்லாம் அடியில் இருப்பது, சமைத்தவரே நம் முன்னால் நின்று பதில் சொல்கிறார் என்ற தைரியம். முகம் தெரிந்த வியாபாரம் என்று நம் பாட்டிமார் சொன்னது இதைத்தான்.

அந்த வட்டாரத்தைப் பார்த்தாலே இது புரியும். குற்றாலத்திலிருந்து செங்கோட்டைக்குப் போகிற வழியில் பிரானூர் என்று ஒரு ஊர். அந்நாளில் செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. தென்காசியோ சென்னை மாகாணத்தில் இருந்தது. இரண்டுக்கும் எல்லை பிரானூரில். 1956 நவம்பர் 1-ஆம் தேதி செங்கோட்டை சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது அந்த எல்லை மறைந்துவிட்டது. ஆனால் 'பார்டர்' என்ற பெயர் மட்டும் போகவே இல்லை. போகவிடாமல் பிடித்து வைத்ததில் பரோட்டாவுக்குப் பெரிய பங்கு உண்டு! பார்டர் ரஹ்மத் கடையின் சின்னச் சின்னப் பரோட்டாவும், மிளகு தூக்கலாகப் போட்ட கோழியும் சாப்பிடுவதற்கென்றே சீசனில் காரை நிறுத்திக் காத்திருக்கிறார்கள். இன்று சென்னையிலும் மதுரையிலும்கூட 'பார்டர்' என்று பெயர் வைத்துப் பரோட்டாக் கடைகள் வந்துவிட்டன. எல்லைக்கோடே இல்லாத ஊர்களில் பார்டர் கடை! சாப்பாட்டுக்கு எவ்வளவு ஞாபகசக்தி பாருங்கள்.

திருநெல்வேலிக்குப் போனால் நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே இருட்டுக்கடை. ராஜஸ்தானத்திலிருந்து வந்த குடும்பம் ஒன்று நூறு வருஷத்துக்கு மேலாக அங்கே அல்வா விற்கிறது. விளக்கு அலங்காரம் எதுவும் கிடையாது. மங்கலான பல்ப் வெளிச்சத்தில் வியாபாரம் நடந்ததால் ஜனங்களே சூட்டிய பெயர் அது. சாயங்காலம் திறப்பார்கள், சரக்கு தீர்ந்ததும் மூடிவிடுவார்கள். நாளைக்கு என்று மிச்சம் வைப்பதில்லை.

இவையெல்லாம் பேர் பெற்ற கடைகள். பேர் இல்லாத ஆச்சியின் திண்ணைக் கடைக்கும் இவற்றுக்கும் ஒரு பொதுவான ரகசியம் இருக்கிறது. ஒன்றிரண்டு பண்டம்தான் செய்வார்கள். தினம் தினம் அதையே செய்வதால் கை தவறாது. செய்தது அன்றைக்கே தீர்ந்துவிடும். எட்டுப் பக்க மெனு வைத்திருக்கும் இடத்தில் பத்து பேர்கூடக் கேட்காத பண்டமும் எங்காவது தயாராக வைக்கப்பட்டிருக்க வேண்டும் அல்லவா? நம் வீட்டுச் சமையலுக்கும் இது பொருந்தும். கொஞ்சமாகச் செய், புதிதாகச் செய், மிச்சம் வைக்காதே!

ஆனால் அந்த வாழ்க்கை ஒன்றும் லேசானதில்லை. அடுத்த நாளும் ஆச்சி கடைக்கே போனோம். கூட்டம் குறைந்த நேரத்தில் பேச்சுக் கொடுத்தேன். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்தால்தான் ஆறு மணிக்கு முதல் ஈடு இறங்குமாம். முந்தின நாள் மத்தியானமே மாவு ஆட்டி வைக்கவேண்டும். மருமகள் பாத்திரம் தேய்க்கிறாள், மகன் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். ஜூன் மாதம் தென்மேற்குப் பருவக்காற்று மலையைத் தாண்டி வந்து சாரல் அடிக்க ஆரம்பித்தால் குற்றாலத்தில் மூன்று மாதம் சீசன். அந்த மூன்று மாதம் சம்பாதிப்பதில்தான் பேத்தியின் ஸ்கூல் பீஸ், தீபாவளித் துணி, அடைமழைக் காலத்துக்கு அரிசி எல்லாம்.

"அப்போ கொரோனா சமயத்தில் என்ன செஞ்சீங்க?" என்று கேட்டேன்.

"அடுப்புல பூனை தூங்குச்சி" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

2020-லும் 2021-லும் சீசன் மாதங்களில் அருவிகளில் குளிக்க அனுமதி இல்லை. தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, பார்க்க ஆள் இல்லை. பழம் விற்கிறவர்கள், பஜ்ஜி போடுகிறவர்கள், எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள், ஈரத்துணிக்குப் பை விற்கிறவர்கள் எல்லோருக்கும் இரண்டு வருஷம் அப்படியே போயிற்று. 2024 மே 17-ஆம் தேதி பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் வந்து ஒரு மாணவனின் உயிரைக் கொண்டுபோனது. உடனே அருவிகளில் குளிக்கத் தடை போட்டார்கள். உயிருக்கு ஈடு உண்டா? தடை நியாயம்தான். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போகிற நாம் அந்தத் தடையை ஒருநாளும் மீறக்கூடாது. ஆனால் ஒவ்வொரு முறை அருவிக்குப் போகிற வழி அடைக்கப்படும்போதும், நூற்றுக்கணக்கான சின்ன அடுப்புகளும் அணைகின்றன என்பதை நாம் நினைப்பதில்லை. அருவி மூடியிருக்கிறதே என்று காரைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுகிறோம். நாலு இட்லியாவது சாப்பிட்டு, ஒரு சீப்புப் பழமாவது வாங்கிக்கொண்டு திரும்பலாம் அல்லவா?

இதைப் படித்துவிட்டு, "சின்னக் கடை என்றால் எல்லாம் நல்லதுதான்" என்று கண்ணை மூடிக்கொண்டு போய்விடாதீர்கள். ஆச்சி மாதிரி எல்லோரும் இருக்கமாட்டார்கள். பெரிய கடையோ சின்னக் கடையோ, நம் கண்ணும் மூக்கும்தான் முதல் இன்ஸ்பெக்டர். குழந்தையோடு போகிறவர்கள் கவனிக்கவேண்டிய சில விஷயங்களைச் சொல்கிறேன்.

ஆவி பறக்கும் பண்டமாகப் பார்த்து வாங்குங்கள். கிருமிகள் பெருகுவது வெதுவெதுப்பான உணவில்தான். இட்லி, இடியாப்பம், அப்போது சுட்ட தோசை ஆகியவற்றில் பயம் குறைவு. தேங்காய்ச் சட்னி, தயிர் சேர்த்த பண்டம், வெட்டி வைத்த பழம் ஆகியவற்றில்தான் ஜாக்கிரதை வேண்டும். மங்குஸ்தான், வாழை போல நாமே உரித்துச் சாப்பிடும் பழம் உத்தமம்.

பஜ்ஜிச் சட்டியில் எண்ணெய் கறுத்து, நுரைத்து, புகைந்துகொண்டிருந்தால் நடையைக் கட்டுங்கள். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் சேரும் 'போலார்' பொருள்கள் 25 சதவிகிதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயை உபயோகிக்கக் கூடாது என்று 2018 ஜூலை முதல் விதியே இருக்கிறது. நம்மிடம் அளக்கிற கருவி இல்லை. ஆனால் நிறம் தெரியும், வாடை தெரியும்.

வடை, பஜ்ஜியை அச்சடித்த காகிதத்தில் கொடுத்தால் வாங்காதீர்கள். அச்சு மை எண்ணெயோடு கலந்து வயிற்றுக்குள் போகும். "இலையில் கொடுங்கள்" என்று சொல்லுங்கள், அல்லது கையோடு ஒரு எவர்சில்வர் டப்பா கொண்டுபோங்கள். பிளாஸ்டிக் பைக்குத்தான் நம் மாநிலத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறதே!

குடிக்கத் தண்ணீர் கொதிக்கவைத்து ஆறியதாக இருக்கட்டும். பிளாஸ்கில் வெந்நீர் கேட்டால் எந்தச் சின்னக் கடையிலும் இல்லை என்று சொல்லமாட்டார்கள். ஆனால் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும். எவ்வளவு தூரம் பிரயாணம் செய்தாலும் தண்ணீர்கூட வேண்டாம்.

எல்லா ஜாக்கிரதையும் மீறிக் குழந்தைக்கு வயிற்றால் போனால், ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் சொன்ன அளவுத் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். ஊருக்குக் கிளம்பும்போது பையில் இரண்டு பொட்டலம் இருக்கட்டும்.

ஆச்சி கடையில் எனக்கு ஒரு குறை தெரிந்தது. பாத்திரம் கழுவக் குழாய் இல்லை. மருமகள் தெருமுனையிலிருந்து குடம் குடமாகச் சுமக்கிறாள். நாலு பேர் கை கழுவினால் ஒரு குடம் காலி. சுத்தமாக இருக்க மனசு மட்டும் போதாது, தண்ணீரும் வேண்டும். சிங்கப்பூரில் ஒரு காலத்தில் தெருவோரத்தில்தான் தள்ளுவண்டிச் சாப்பாடு விற்றார்கள். அங்கே அரசாங்கம் அவர்களை விரட்டியடித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடவில்லை. 1970-களில் தொடங்கி 1986-க்குள் அவர்களைக் கூரையும் குழாயும் சாக்கடை வசதியும் உள்ள பொது இடங்களுக்கு மாற்றியது. கடை சின்னதாகவே இருந்தது, சுத்தம் மட்டும் கூடியது. அந்தக் கடைக் கலாசாரத்தை 2020 டிசம்பரில் யுனெஸ்கோ மனிதகுலத்தின் தொட்டுணர முடியாத கலாசாரப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துக் கௌரவித்தது. நம் பரோட்டாவின் தம்பியான 'பிராட்டா'வுக்கும் அதில் பங்கு உண்டு!

நம் நாட்டிலும் 2014-இல் தெருவோர வியாபாரிகளுக்காக ஒரு சட்டம் வந்தது. ஊருக்கு ஊர் விற்பனைக் குழு அமைக்கவேண்டும், அதில் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்கவேண்டும், அந்தப் பிரதிநிதிகளில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்கவேண்டும் என்று அது சொல்கிறது. உங்கள் தெருவில் வண்டி வைத்துப் பிழைக்கும் பெண்களுக்கு இது தெரியுமா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். தெரியாவிட்டால் சொல்லுங்கள். உணவுப் பாதுகாப்புத் துறையின் பதினான்கு இலக்கப் பதிவு எண் சின்னக் கடைக்கும் உண்டு. படித்த பெண்கள் நாம் கூட இருந்து விண்ணப்பம் எழுதிக் கொடுத்தால் அதுவும் ஒரு தர்மம்தான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பெரிய கடையில் ஒட்டியிருக்கும் விலையைப் பார்த்து மூச்சுவிடாமல் பணத்தை நீட்டுகிற நாம், பூக்காரம்மாவிடம் மட்டும் அரை முழத்துக்கு அரைமணி நேரம் பேரம் பேசுகிறோம். அவசரத்துக்கு மாவு, திடீர் விருந்தாளிக்குப் பால், ராத்திரி ஒன்பது மணிக்குக் கொசுவத்தி என்றால் தெருக்கடை வேண்டும். மாதச் சாமான் மட்டும் வேறு இடத்தில். அவர்கள் எதை வைத்துக் கடையைத் திறந்து வைத்திருப்பார்கள்? மாவு புளித்திருந்தால் நாலு பேருக்கு முன்னால் சத்தம் போடாமல், தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். நன்றாக இருந்தால் நாலு பேருக்கு முன்னாலேயே சொல்லுங்கள்!

ஊருக்குக் கிளம்புகிற அன்று சாயங்காலம் ஆச்சியிடம் ரயிலுக்கு இட்லி கட்டித் தரச் சொன்னோம். மிளகாய்ப் பொடியும் நல்லெண்ணெயும் தடவி, வாழையிலையை வாட்டி, நூல் போட்டுக் கட்டிக் கொடுத்தார். பேரனுக்கு மட்டும் பொடி தடவாமல் ஆறு குட்டி இட்லி, தனிப் பொட்டலம். "ராத்திரிக்குள்ள சாப்பிட்டிருங்க. மிச்சம் கிடந்தா காலையில திங்காதிய" என்று மறக்காமல் சொன்னார்.

ரயிலில் பொட்டலத்தைப் பிரிக்கும்போது மகள் கேட்டாள். "அம்மா, நம்ம தெருவுல இப்படி யாராவது இருக்காங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் தெருமுனையிலும் ஓர் அம்மாள் இடியாப்பம் விற்கிறாள். பத்து வருஷமாகப் பார்க்கிறேன். உடம்பு சரியில்லாத நாட்களில் அவள் கை இடியாப்பம்தான் எங்கள் வீட்டுப் பத்தியச் சாப்பாடு. அவள் பெயர் என்ன என்று எனக்குத் தெரியாது. ஒருநாளும் கேட்டதில்லை.

ஊர் வந்து பெட்டியைக் கீழே வைத்ததும் முதல் வேலையாகப் போய்க் கேட்டேன். ஒரு நிமிஷம் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே பெயரைச் சொன்னாள். பிறகு, "நீங்க குற்றாலம் போயிருந்தீங்களாமே அக்கா, பேரனுக்குத் தண்ணி ஒத்துக்கிச்சா?" என்று விசாரித்தாள். அவளுக்கு எங்கள் வீட்டுச் சமாசாரம் எல்லாம் தெரிந்திருக்கிறது!

உங்கள் தெருமுனையில் இருப்பவர் பெயர் உங்களுக்குத் தெரியுமா, சகோதரிகளே? தெரியாவிட்டால் நாளைக் காலையில் கேட்டுவிட்டு எனக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.